பல்லி சாட்சி சொல்லவில்லை

"அண்ணே, திண்டிவனம் கோர்ட்டுல பல்லி ஒண்ணு கூண்டுல ஏறி சாட்சி சொல்லுச்சாமே. நீங்கதான் அதைப் பெட்டில போட்டு எடுத்துக்கினு போனீங்களாமே?"

போன மாதம் ஒரு தம்பி போனில் கேட்டான். விழுப்புரத்தில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவன். பழைய ரிவால்வர்களைத் திருப்பி அனுப்பப் பட்டியல் எடுக்கிறார்களாம். அந்த வேலைக்கு நடுவில் யாரோ இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கே இருந்தவரை பல்லி கூண்டில் ஏறவில்லை. நான் வெளியே வந்த மூன்று வருடத்தில் ஏறிவிட்டது. இன்னும் மூன்று வருடம் விட்டால் குறுக்கு விசாரணையில் கண்ணீர் விட்டது என்பார்கள். அதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுவது நல்லது.

நான் முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவன். துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் வேலை. சுடும் பயிற்சி நாள் ஒன்றில் வலது காது போனது. மெடிக்கல் போர்டில் மூன்று டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே காதில் பேசிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சொன்னதும் அதே காதில்தான் என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதிலும் ஸ்பிரிங், பல்சக்கரம்தான். யாரும் செத்துப்போவதில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கழற்றினோம், மாட்டினோம், கொசு அதிகம்.

என் மேலதிகாரி எஸ்.ஐ. தேவராஜ் அய்யாவைப் பற்றித்தான் எழுதவேண்டும். துப்பாக்கி காலியா என்று பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. கண்ணால் பார்ப்பார், விரலை விட்டுத் தடவுவார், மறுபடியும் பார்ப்பார், பிறகு பக்கத்தில் நிற்கிறவரிடம் காட்டி "காலி" என்பார். பக்கத்து ஆளும் பார்த்துவிட்டு "காலி" என்று சொல்லும்வரை கீழே வைக்கமாட்டார். இருபத்தைந்து வருடம் இதையே செய்ததில் கை நிற்காமல் போய்விட்டது. சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸையும் அப்படியே பார்த்து, தடவி, மறுபடி பார்த்து, என்னிடம் காட்டுவார். ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்த டம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டி "காலி" என்றார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

அவர் எனக்குப் போட்ட கட்டளை ஒன்றுதான். கேஸில் பிடித்த துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து எங்களிடம் அனுப்புவார்கள். இயங்கும் நிலையில் உள்ளதா, இல்லையா என்று சோதித்து அறிக்கை கொடுக்கவேண்டும்.

"உள்ளது, இல்லை. ரெண்டே வார்த்தை. மூணாவதா ஒரு வரி எழுதுன, அந்த வரியப் புடிச்சு இழுத்துக்கினே கோர்ட்டு வரைக்கும் கூட்டிக்கினு போவாங்க. தெரியுதா?"

தெரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. காகிதத்தில் கையெழுத்துக்கு மேலே காலி இடம் இருந்தால் எனக்குக் கை அரிக்கும்.

அப்படி ஒரு நாள் வல்லம் பக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. அரக்கு முத்திரையை உடைத்துப் பார்த்தால் உள்ளே பழைய ரிவால்வர் ஒன்று, அதற்குள் ஒட்டிக்கொண்ட கெட்டுப்போன தோட்டா மூன்று, ஒரு துண்டு, பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய் பாட்டில். நாலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ரிவால்வரில் எண்ணெய் வழிந்து தாளித்த வாசனை அடித்தது.

கேஸ் இதுதான். கோதண்டராமன் என்பவர் சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறவர். தாத்தா காலத்து ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருந்தார். அவர் நிலத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்தவர் ஏழுமலை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஏழுமலையின் ஆடுகள் கோதண்டராமனின் மல்லாட்டைச் செடியை, அதாவது நிலக்கடலையை, மேய்ந்துவிட்டன. இரண்டு பேருக்கும் ஊர் கூடும் அளவுக்குச் சண்டை. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்த கோதண்டராமன் கண்ணைத் திறந்தால், தலைமாட்டில் ஏழுமலை நிற்கிறார், கையில் ரிவால்வர். கோதண்டராமன் கத்திக்கொண்டு எழுந்து ஓடி, வாசலில் காயவைத்த வடாம் மேல் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஏழுமலை மேல் கொலை முயற்சி வழக்கு.

ஏழுமலை சொன்னது வேறு. வருடா வருடம் அந்த ரிவால்வருக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை. அன்றைக்கும் அதற்குத்தான் வந்தாராம்.

தோட்டாவை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. கோதண்டராமன் பொங்கலுக்குப் பொங்கல் அந்த மூன்று தோட்டாவையும் வானத்தைப் பார்த்துச் சுடுவார். ஒன்றும் வெடிக்காது. பச்சை பூத்து உள்ளேயே ஒட்டிக்கொண்டதால் எடுக்கவும் வராது. மூன்றின் பின்பக்கமும் பழைய அடித்தழும்பாக இருந்தது. எந்தத் தழும்பு எந்தப் பொங்கல் என்று யாரால் சொல்லமுடியும்? கடைசியில் நாங்கள்தான் மரக்குச்சியால் தட்டித் தட்டி வெளியே எடுத்தோம்.

எங்கள் கிடங்கில் இருந்த ரிவால்வர்களுக்கெல்லாம் ட்ரிக்கரை அழுத்தினால் போதும். ஹேமர் தானே பின்னால் போய் தானே விழும். இது அப்படி இல்லை. பின்னால் கொம்பு மாதிரி நிற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் இழுக்கவேண்டும். இழுக்காமல் ட்ரிக்கரை எத்தனை தடவை அழுத்தினாலும் சும்மா இருக்கும். அதைப் பற்றிப் படிக்க எங்களிடம் புத்தகம் இல்லை. இரண்டு நாள் இதே வேலையாகக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துக் கேட்டேன்.

இழுத்தால் நாலு சத்தம். முதல் சத்தம் நகம் கடிப்பது போல, மெல்லியது. இரண்டாவது மல்லாட்டை ஓட்டை இரண்டு விரலில் நசுக்குவது போல. மூன்றாவது, உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள், தோட்டா போடும் உருளையான சிலிண்டர் மேல் விழுந்து உரசும் சத்தம். நாலாவதில் பூட்டு விழும். சுடுகிறவன் இழுத்தால் நாலும் ஒரே மூச்சில் வரும். அப்புறம் ட்ரிக்கர். மர ஸ்கேலால் மேசையில் அடித்தது போல ஹேமர் விழும்.

இரண்டாவது சத்தத்திலேயே விரலை நிறுத்தினால் கதை வேறு. ஹேமர் பாதியில் நிற்கும், சுடாது. சிலிண்டரைக் கையால் சுற்றலாம். பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஆறு தோட்டா அறையையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், துடைக்கலாம், எண்ணெய் விடலாம். அறைக்கு ஒரு சத்தம். ஆறும் ஒரே குரல்.

அறிக்கையில் "இயங்கும் நிலையில் உள்ளது" என்று எழுதினேன். கீழே நாலு விரல் இடம் இருந்தது. "மேற்படி ரிவால்வர் ஹேமரைக் கையால் முழுவதும் இழுத்தால் மட்டுமே சுடும். பாதியில் நிறுத்தினால் சிலிண்டர் சுற்றும், சுடாது. இரண்டுக்கும் சத்தம் வேறு" என்று சேர்த்தேன்.

தேவராஜ் அய்யா நகலைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேங்க அய்யா."

"எழுத்து நல்லா முத்து முத்தா கீது. கோர்ட்டுக்குப் போவும்போது இதையும் கூட்டிக்கினு போ."

ஏழு மாதம் கழித்துத் திண்டிவனத்திலிருந்து சம்மன் வந்தது. ஏழுமலையின் வக்கீல் செல்வி, இலவச சட்ட உதவியில் வந்தவர், என் மூன்றாவது வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்.

சத்தம் ஏன் முக்கியம் என்றால், சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. காதால் கேட்டவர் ஒருவர் இருந்தார். கோதண்டராமனின் மனைவி ராஜேஸ்வரி அம்மாள். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் கட்டில் இருந்தார். ஸ்டேஷனில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் "எட்டு முறை டிக் என்ற சத்தம் கேட்டது" என்று இருந்தது. அரசுத் தரப்பு வக்கீல் ரிவால்வரை இழுத்துப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். ஒரு முறை இழுத்தால் நாலு. எட்டு என்றால் இரண்டு முறை. ஆகவே ஏழுமலை இரண்டு முறை சுடப் பார்த்தார். எண்ணெய் எதற்கு? சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

நானும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பாதி இழுப்புக்கு இரண்டு, சிலிண்டர் சுற்ற ஆறு. அதுவும் எட்டு.

கோர்ட் வராந்தாவில் ஏழுமலை என் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லியான ஆள், சட்டை கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார். ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவர். ஆடுகளை வீட்டில் விற்றுவிட்டார்கள். பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டிலும் அதுதான் முதல் படிப்பு. தீர்ப்பு தப்பாகப் போனால் பெண்ணை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், நீங்கதான துப்பாக்கி மெக்கானிக்கு? எண்ணெய எந்த ஓட்டைல வுடணும்? நான் ஆறு ஓட்டைக்கும் சொட்டு சொட்டா வுட்டுக்கினு வந்தேன். தப்புங்களா?"

தப்புதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சமா விடணும்" என்றேன்.

"அதான் பேஜாரு போல" என்றார்.

முதலில் கோதண்டராமன் கூண்டில் ஏறினார். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது.

"ஏழுமலை வருஷா வருஷம் எண்ணெய் போட வருவாரா?" என்று செல்வி கேட்டார்.

"வருவான்."

"அன்னிக்கும் அதுக்குத்தான வந்தாரு?"

"காலைலதான என்னோட அந்தச் சண்டை போட்டான். அப்புறம் எப்பிடி எண்ணெய் போட வருவான்? எந்த மனுஷனாவது வருவானா?"

எதிர்க் கூண்டிலிருந்து ஏழுமலை, "சண்டை வேறங்க, வேலை வேறங்க" என்றார். நீதிபதி அவரைப் பேசாமல் நிற்கச் சொன்னார்.

அடுத்து ராஜேஸ்வரி அம்மாள். மஞ்சள் பூசிய முகம், கையில் மஞ்சப்பை, சத்தியப்பிரமாணத்தைக் கடகடவென்று ஒப்பித்தார்.

"எட்டு சத்தம்னு எப்படிம்மா அவ்வளவு சரியா சொல்றீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"எண்ணினேங்க அய்யா."

"எதுக்கு எண்ணுனீங்க?"

"பல்லி சொன்னா எண்ண மாட்டாங்களா?"

கோர்ட்டில் பேனாக்கள் நின்றன.

"வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது, தெக்குப் பக்கம் சுவரு, எட்டு வாட்டி. பஞ்சாங்கத்தப் பாத்தேன். வீட்டுத் தலைவரு கீழ வுழுவாருன்னு போட்டிருந்திச்சி. படிச்சி முடிக்கல, வாசல்ல தொம்முனு சத்தம். போய்ப் பாத்தா இவரு வடாம் மேல கெடக்குறாரு. பஞ்சாங்கம் பொய் சொல்லாதுங்க."

"அது பல்லி இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னும் தெரியலீங்களே."

அரசு வக்கீல் எழுந்தார். "அம்மா, அது துப்பாக்கிச் சத்தம். நீங்க போலீஸ்ல அப்படித்தான சொன்னீங்க?"

"சத்தம்னு சொன்னேன். துப்பாக்கின்னு அவுங்களே எழுதிக்கினாங்க. பொங்கலுக்குப் பொங்கல் வூட்ல துப்பாக்கிச் சத்தம் கேக்கறவ நான். எனக்குத் தெரியாதா?"

ஒரு பொங்கலுக்கும் வெடிக்காத துப்பாக்கியில் அவர் என்ன சத்தம் கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "டப்புனு ஒரு அடி, அப்புறம் இவரு திட்டுற சத்தம்" என்றிருப்பார்.

பிறகு என் முறை. நாலு சத்தத்தையும் ஆறு சத்தத்தையும் விளக்கினேன். மல்லாட்டை ஓடு என்று சொன்னபோது டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீதிபதி கன்னத்தில் கைவைத்து யோசித்தார். ஆளை அடையாளம் காட்ட அணிவகுப்பு உண்டு, சத்தத்துக்கு ஏன் கூடாது என்றார். ராஜேஸ்வரி அம்மாள் கூண்டிலேயே முதுகைத் திருப்பி நிற்கவேண்டும். நான் இரும்பு பீரோவுக்குப் பின்னால் நின்று ரிவால்வரை இரண்டு விதமாகவும் இயக்கவேண்டும். அம்மாள் எது என்று சொல்லவேண்டும்.

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். ஆட்சேபணை பதிவாகி, நிராகரிக்கப்பட்டது.

முதலில் ரிவால்வர் காலியா என்று பார்க்கவேண்டுமே. அதற்கென்றே தேவராஜ் அய்யா கூட வந்திருந்தார். பார்த்தார், தடவினார், பார்த்தார். மேடை அருகே போய் நீதிபதியிடம் காட்டி "காலி" என்றார். நீதிபதி எட்டிப் பார்த்தார். அவர் "காலி" என்று சொல்லும்வரை அய்யா நகரவில்லை. அரசு வக்கீலிடம் காட்டினார், செல்வியிடம் காட்டினார், கடைசியில் ஏழுமலையின் கூண்டுக்கும் போய்க் காட்டினார். ஏழுமலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "காலிங்க. ஆனா உள்ள துரு புடிச்சுக்கினு கீது" என்றார்.

ஃபேனை நிறுத்தினார்கள். அது கத்திரி வெயில். கறுப்புக் கோட்டுக்குள் வக்கீல்கள் எல்லாம் அவிந்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். வெளியே செஞ்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். யாருடைய போனிலோ அம்மன் பாட்டு ஒலித்தது. அதையும் அணைத்தார்கள்.

நான் பீரோவுக்குப் பின்னால் போனேன். உள்ளங்கை வழுக்கியது. என் கட்டைவிரல் தப்பான இடத்தில் நழுவினால் இந்த ஆளுக்கு எத்தனை வருடமோ என்று நினைத்தேன். நினைக்காமல் இருந்திருக்கலாம்.

முதல் விதம். நாலு சத்தம், ட்ரிக்கர், அடி. மறுபடி நாலு, அடி.

"இது என்னாங்க பூட்ட ஒடைக்கிறாப்ல?" என்றார் அம்மாள். "இது இல்ல."

இரண்டாம் விதம். ஒன்று, இரண்டு. விரலை நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விடும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திருப்பினேன். டிக். இன்னொரு சொட்டு. டிக். ஆறும் முடிந்தது.

பீரோ ஓரமாக எட்டிப் பார்த்தேன். ராஜேஸ்வரி அம்மாளின் கை தானாக எழுந்து, விரல் முட்டியால் கூண்டுக் கட்டையில் மூன்று தட்டுத் தட்டியது. வாய் "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றது. பல்லி சொன்னால் நம் வீடுகளில் செய்வதுதான். பிறகு திரும்பி, முகமெல்லாம் மலர, பீரோவுக்கு மேலே சுவரைக் காட்டினார்.

"இதான் அய்யா! இதே பல்லிதான். இங்கயும் கீது பாருங்க!"

கோர்ட் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. டவாலி பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடினார். நான் கையில் ரிவால்வரோடு வெளியே வந்து, "அம்மா, நான்தான்" என்றேன்.

"நீ இல்லப்பா, பல்லி" என்றார்.

அரசு வக்கீல், சாட்சி அதைப் பல்லி என்று உறுதியாகச் சொல்வதால் அந்தச் சாட்சியத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஐந்து நிமிடம் வாதாடினார். அவருடைய எட்டு சத்தமும் அதோடு போய்விடும் என்பது நாலாவது நிமிடத்தில்தான் அவருக்கே உறைத்தது. ஐந்தாவது நிமிடம் மெதுவாகப் பேசினார்.

நடந்தது இவ்வளவுதான். பல்லி கூண்டில் ஏறவில்லை. எந்தப் பெட்டியிலும் நான் எதையும் எடுத்துப் போகவில்லை.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. ஏழுமலை விடுதலை. ஹேமரை முழுவதும் இழுத்ததற்கு ஆதாரம் இல்லை என்றும், சாட்சியின் கை தட்டியது அவர் வாய் சொன்னதைவிட நம்பத்தகுந்தது என்றும் எழுதியிருந்தார்கள். என் மூன்றாவது வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். தேவராஜ் அய்யா அதைப் படித்துவிட்டு, "சரி, இனிமே ரெண்டு வார்த்தை" என்றார்.

தம்பி கேட்டது கோர்ட்டைப் பற்றித்தான். ஆனால் நான் மறக்காமல் இருப்பது அதற்கப்புறம் எங்கள் கிடங்கில் நடந்ததை.

பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தர உத்தரவு வந்தது. ஒரே மூட்டையில் கட்டியிருந்ததால் இருவரையும் ஒரே நாளில் விழுப்புரத்துக்கு வரச் சொன்னோம். கோதண்டராமன் லைசென்ஸோடு வந்தார். ஏழுமலை துண்டுக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் வந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள்.

துப்பாக்கியை வாங்குகிறவரே அது காலியா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். இதில் தேவராஜ் அய்யாவிடம் யாரும் சலுகை வாங்கியதில்லை. கோதண்டராமன் ரிவால்வரைக் கோணல் கையில் எடுத்தார். விரல் மடங்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"ஏழுமல, நீ கொஞ்சம் பாத்துச் சொல்லுடா."

ஏழுமலை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்ங்க. என் எண்ணெய் பாட்டில குடுத்தா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

பாட்டிலைக் கொடுத்தேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கோதண்டராமனுக்குக் கோபம் வந்தது. "என் பொருள எனக்குப் பாக்கத் தெரியாதா?" என்று இடது கைக்கு மாற்றி, ஹேமரில் கட்டைவிரலை வைத்து இழுத்தார். நான் என்னை அறியாமல் எண்ணினேன். ஒன்று. இரண்டு. நிறுத்துவார் என்று நினைத்தேன். மூன்று. நாலு.

குழாய் நேராக ஏழுமலையின் மார்பைப் பார்த்து நின்றது.

தேவராஜ் அய்யா மேசைக்கு அடியில் போய்விட்டார். ரிவால்வர் காலி என்று அன்று காலையில் மூன்று தடவை பார்த்தவர் அவர். நான் ரைஃபிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது. கோதண்டராமனின் விரல் ட்ரிக்கர் மேலேயே இருந்தது.

ஏழுமலை மட்டும் நின்ற இடத்தில் நின்றார். குழாயைப் பார்த்தார், கோதண்டராமனைப் பார்த்தார், மேசைக்கு அடியில் தெரிந்த தேவராஜ் அய்யாவின் பூட்ஸையும் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அய்யா, இப்ப நான் கத்தலாமுங்களா?"

இழுத்த ஹேமரை எப்படி இறக்குவது என்று கோதண்டராமனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் எதிரில் எண்ணெய் பாட்டிலோடு நின்று, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.